யூதர்கள் கொண்டாடும் மரங்களின் வருஷப் பிறப்பு

வருஷப் பிறப்பென்றால் புத்தாடையும் பலகாரமும் பெரியோர் ஆசியும் நினைவுக்கு வருவது இயல்பு. அது மனிதருக்குரிய வருஷப் பிறப்பு. மனிதருக்கன்றி மரங்களுக்கென்றே ஒரு வருஷப் பிறப்பை ஏற்படுத்தி, அன்றைய தினம் மரங்கள் தந்த கனிகளையே விருந்தாக உண்டு வரும் ஜனங்களும் உலகில் இருக்கிறார்கள். அவர்கள் யூதர். எபிரேய பாஷையில் இத்தினத்திற்குத் தூ பிஷ்வாத் என்று பெயர். ஷெவாத் என்பது அவர்களுடைய மாதங்களுள் ஒன்று. அப்பாஷையில் எழுத்துக்களே எண்களாகவும் வழங்குவதால், ஒன்பதைக் குறிக்கும் தேத் என்னும் எழுத்தும் ஆறைக் குறிக்கும் வாவ் என்னும் எழுத்தும் சேர்ந்து ‘தூ’ என்றாகிப் பதினைந்தைக் குறிக்கின்றன. பத்தும் ஐந்தும் சேர்த்தெழுதினால் அது இறைவனுடைய திருநாமத்தின் எழுத்துக்களாகிவிடும் ஆதலால், ஒன்பதும் ஆறுமாக எழுதுவது அவர்கள் வழக்கம். ஆகவே ஷெவாத் மாதம் 15-ந் தேதி என்பதற்கு மேல் இப்பெயருக்கு வேறு பொருளில்லை.

யூதருடைய மாதங்கள் சந்திரனைப் பின்பற்றியவை. பருவங்கள் தவறிப் போகாதபடி 19 வருஷங்களில் 7 முறை ஓர் அதிக மாதத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். எனவே ஷெவாத் 15 எப்பொழுதும் பௌர்ணமியை ஒட்டியே, இங்கிலீஷ் கணக்கில் ஜனவரி மத்திக்கும் பிப்ரவரி மாதத்திற்கும் இடையில் வரும். நம் நாட்டில் தைப்பூசம் வரும் காலமும் அதுவே. 2024-ம் வருஷத்தில் இரண்டும் ஜனவரி 25-ந் தேதியிலேயே நேர்ந்தன.

யூதர்களின் பெரிய வருஷப் பிறப்பு இதுவன்று. அது செப்டம்பர் அல்லது அக்டோபரில், திஷ்ரி மாதம் முதல் தேதியன்று வருவது. ஆப்பிள் துண்டுகளைத் தேனில் தோய்த்து உண்பதும், ஆலயங்களில் ஆட்டுக்கொம்பு ஊதுவதும் அன்றைய தினத்திற்கு உரியவை. மரங்களின் வருஷப் பிறப்பு அவ்வளவு பிரசித்தமானதன்று. அந்நாளில் வேலையை நிறுத்த வேண்டுமென்ற விதியோ, நீண்ட ஆராதனையோ கிடையாது. இவ்வளவு எளிய தினம் எவ்வாறு ஏற்பட்டது என்று ஆராய்ந்தால், அதன் தோற்றம் பக்தியிலன்று, கணக்கில் இருப்பது தெரியவரும். கிராமக் கணக்கைக் கையாளுவோருக்கு இது சுவையான விஷயம்.

சுமார் கி.பி. 200-ல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூத தர்ம நூல், வருஷப் பிறப்புகள் நான்கு என்று கூறுகின்றது. நிசான் மாதம் முதல் தேதி அரசர்களுக்கும் பண்டிகைகளுக்கும் உரியது. பத்திரங்களில் அரசனுடைய ஆட்சி வருஷத்தைக் குறிப்பதற்கு அதுவே ஆரம்பம். எலூல் மாதம் முதல் தேதி கால்நடைகளுக்குரியது. திஷ்ரி முதல் தேதி பொதுவான வருஷக் கணக்கிற்கும் காய்கறிகளுக்கும் உரியது. நான்காவதான ஷெவாத் மாதத்து நாள் மரங்களுக்குரியது. ஒரே ஜனங்களுக்கு நான்கு வருஷப் பிறப்புகளா என்று வியக்க வேண்டியதில்லை. சித்திரையில் வருஷம் பிறந்தாலும் நிலவரிக் கணக்கிற்குப் பசலி ஜூலை மாதம் முதல் தேதியன்றுதான் பிறக்கிறது. சர்க்காரின் வரவு செலவு ஆண்டோ ஏப்ரலில் தொடங்குகிறது. எதைக் கணக்கிடுகிறோமோ அதற்கேற்ற இடத்தில் வருஷத்தை வெட்டுவது நிர்வாகத்திற்கு அவசியம்.

யூதர் அவ்வாறு வெட்டியது தசமபாகத்தின் பொருட்டு. பலஸ்தீன தேசத்தில் நிலமுடைய ஒவ்வொருவரும் விளைவில் ஒரு பகுதியை ஆலயத்திற்கும் அதன் ஊழியர்களுக்கும் ஏழைகளுக்கும் செலுத்த வேண்டுமென்பது மோசேயின் நியாயப்பிரமாணத்தைப் பின்பற்றிய விதி. முதலில் ஆசாரியருக்குரிய காணிக்கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு வேதத்தில் அளவு கூறப்படவில்லை. தாராள மனமுடையவன் நாற்பதில் ஒன்றும், நடுத்தரமானவன் ஐம்பதில் ஒன்றும், கைச்சுருக்கமுள்ளவன் அறுபதில் ஒன்றும் கொடுப்பான் என்று மிஷ்னா வகுத்திருக்கிறது. குடியானவர்களின் சுபாவத்தை அறிந்தே அந்நூலார் எழுதினார்கள் போலும். மீதியில் பத்தில் ஒரு பங்கு லேவியர் என்னும் ஆலய ஊழியருக்குச் சேர வேண்டும். அதற்கும் மீதியானதில் மறுபடி பத்தில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். ஒருவனுடைய தோப்பில் நூறு மரக்கால் அத்திப்பழம் கண்டால், நடுத்தரக் கணக்கில் ஆசாரியருக்கு 2 மரக்கால் போக 98. அதில் லேவியருக்கு 9.8 போக 88.2. அதில் இரண்டாவது தசமபாகம் 8.82.

இந்த இரண்டாவது பாகத்தில்தான் வருஷக் கணக்கின் முக்கியம் வெளிப்படுகிறது. ஏழு வருஷங்களை ஒரு வட்டமாகக் கொண்டு, அவற்றில் 1, 2, 4, 5-ம் வருஷங்களில் அப்பாகத்தைச் சொந்தக்காரனே எருசலேமுக்குக் கொண்டுபோய் அங்கே குடும்பத்துடன் உண்ண வேண்டும். வழி தூரமானால் பணமாக மாற்றிக்கொண்டு போகலாம். 3-ம் வருஷமும் 6-ம் வருஷமும் அது ஏழைகளுக்குரியது. 7-ம் வருஷம் நிலமே ஓய்வெடுக்கும் வருஷமாதலால் பாகமே இல்லை. ஒரு வருஷத்துக் கனிக்காக வேறொரு வருஷத்துக் கனியைச் செலுத்தலாகாது என்பது கண்டிப்பான விதி. இல்லாவிட்டால், ஏழைகளுக்குரிய வருஷத்தில் விளைந்ததைச் சென்ற வருஷத்ததென்று எழுதித் தன் வீட்டிலேயே உண்டுவிட ஒருவனுக்குத் தடையென்ன? எந்தக் கனி எந்த வருஷத்தைச் சேர்ந்தது என்பதைத் தீர்க்க ஒரு தேதி வேண்டியிருந்தது. அந்தத் தேதியே மரங்களின் வருஷப் பிறப்பு. ஏழையின் கூடைக்கு ஒரு தோப்பின் பழம் சேருமா சேராதா என்பது அத்தேதியைப் பொறுத்திருந்தது.

கணக்கிடும் முறையும் கவனிக்கத்தக்கது. காய்கறிக்குப் பறித்த நாளே கணக்கு. தானியத்திற்கு அது மூன்றில் ஒரு பங்கு முற்றிய காலம் கணக்கு. மரத்தின் கனிக்கோ பிஞ்சு பிடித்த காலம் கணக்கு. ஷெவாத் 15-க்கு முன் பிஞ்சு பிடித்தது, எவ்வளவு காலங்கழித்துப் பறிக்கப்பட்டாலும், பழைய வருஷத்தது. அதற்குப் பின் பிடித்தது புது வருஷத்தது. கிச்சிலி இனத்து மரங்கள் சிலவற்றில் சென்ற வருஷத்துப் பழம் பறிபடாமலே நிற்கையில் புதுப்பூ மலர்ந்துவிடும். அத்தகைய மரத்தில் ஒரே கிளையில் இரண்டு வருஷத்துக் கணக்கும் தொங்கிக்கொண்டிருக்கும்.

கால்நடைக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவ்வருஷத்தில் ஈன்ற குட்டிகளை ஒரு பட்டியில் அடைத்து, இரண்டு சேர்ந்து வெளிவர இயலாதபடி குறுகிய வாயில் விடுவார்கள். ஒவ்வொன்றாக வெளிவருகையில் கோலால் எண்ணிப் பத்தாவதாக வருவதன் மீது செங்காவி பூசுவார்கள். நல்லது கெட்டது பொறுக்க இடமில்லாத ஏற்பாடு!

மரங்களின் வருஷம் எந்த நாளில் பிறக்கிறது என்பதில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஷம்மாய் என்னும் ஆசிரியரின் மாணாக்கர் ஷெவாத் முதல் தேதி என்றனர். ஹில்லெல் என்பவரின் மாணாக்கர் 15-ந் தேதி என்றனர். பதினான்கு நாள் வித்தியாசம் அற்பமெனத் தோன்றலாம். ஆனால் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமரால் கொல்லப்பட்ட பேராசிரியர் அக்கீவா, ஒரு வட்டத்தின் இரண்டாம் வருஷம் முடிந்து மூன்றாம் வருஷம் தொடங்கும் தறுவாயில், ஷெவாத் முதல் தேதியன்று ஓர் எத்ரோக் கனியைப் பறித்தார் என்று தல்மூத் நூல் கூறுகிறது. ஷம்மாய் கட்சிப்படி புது வருஷம் பிறந்துவிட்டது, ஆகவே பாகம் ஏழைகளுக்கு. ஹில்லெல் கட்சிப்படி பழைய வருஷம் இன்னும் நடக்கிறது, ஆகவே பாகம் எருசலேமுக்கு. அக்கீவா இரு வகைப் பாகங்களையும் செலுத்திவிட்டார். முடிவில் ஹில்லெல் கட்சியே நிலைத்தது.

அவர் பறித்த கனியைப் பற்றியும் ஒரு விவாதம் உண்டு. எத்ரோக் என்பது நாரத்தை இனத்தைச் சேர்ந்த வாசனைக் கனி. மற்ற மரங்கள் மழையை நம்பி வாழ்கையில் இது காய்கறியைப் போலப் பாய்ச்சலை நம்பி வாழ்வதாலும், வருஷம் முழுவதும் காய்ப்பதாலும், இதற்குப் பறித்த நாளையே கணக்காகக் கொள்ளலாம் என்றார் கமாலியேல் என்னும் மற்றோர் ஆசிரியர். மானாவாரிக்கும் நஞ்சைக்கும் ஒரே விதி பொருந்தாது என்பதை இவர்கள் அக்காலத்திலேயே உணர்ந்திருந்தனர்.

ஷெவாத் மாதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் மழை. பலஸ்தீனத்தில் மழைக்காலம் அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். கோடையில் மழையே கிடையாது. ஷெவாத் பாதி கழிவதற்குள் அவ்வருஷத்து மழையில் பெரும்பகுதி பெய்துவிடுகிறது. மண் நனைந்து, குளிர்காலத்தில் உறங்கிய மரத்தில் ரசம் ஏறத் தொடங்கும் காலம் அது. அதுவரையில் பிடித்த பிஞ்சு பழைய மழையின் பயன், அதற்குமேல் பிடிப்பது புது மழையின் பயன் என்று தல்மூத் ஆசிரியர்கள் விளக்கினார்கள். அச்சமயம் இலைகூடத் துளிர்க்காத வெறுங்கிளையில் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்பது வாதுமை மரம் ஒன்றே. எபிரேய பாஷையில் அதன் பெயர் ‘ஷாக்கேத்’. விழித்திருத்தல் என்னும் பொருளுடைய சொல்லோடு தொடர்புடையது. மற்ற மரங்கள் தூங்குகையில் தான் விழித்துக்கொள்வதால் அப்பெயர் அதற்கு மிகவும் பொருந்தும்.

மரம் நடுவோருக்கு மற்றொரு விதியும் உண்டு. லேவியராகமத்தின்படி, கனிமரத்தை நட்ட முதல் மூன்று வருஷங்களில் அதன் பழத்தை உண்ணலாகாது. நான்காம் வருஷத்துப் பழம் இறைவனுக்குரியது. ஐந்தாம் வருஷத்திலிருந்தே நட்டவன் அனுபவிக்கலாம். திஷ்ரி மாதப் பிறப்புக்கு 44 நாட்களுக்கு முன் நட்டுவிட்டால், அந்நாட்களே ஒரு முழு வருஷமாகக் கணக்கிடப்படும். ஆயினும் மூன்று வருஷம் முடிந்தபின் உடனே விலக்கு நீங்குவதில்லை. நான்காம் வருஷத்து ஷெவாத் 15-க்கு முன் பிடித்த பிஞ்சும் விலக்கப்பட்டதே. இவ்விதி பக்தியின் பொருட்டு ஏற்பட்டதேயன்றி விவசாய நூலாக எழுதப்பட்டதன்று. எனினும், ஒட்டு மாங்கன்று நட்ட முதல் மூன்று வருஷங்களில் தோன்றும் பூங்கொத்துக்களைக் கிள்ளிவிட வேண்டும் என்று எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும், இரண்டாம் வருஷத்திலேயே நாலு காய் கண்டுவிட்டதென்று அக்கம்பக்கத்தாருக்குக் காட்டி மகிழும் மிராசுதார்கள் நம்மிடையே இல்லாமலில்லை. மரத்தின் பலம் வேருக்கும் கிளைக்கும் போகவேண்டிய வயதில் காய்க்குப் போனால் அந்த மரம் பின்னால் என்ன கொடுக்கும்?

இவ்விதியிலிருந்து, மரம் என்பது எது என்ற கேள்வியும் பிறந்தது. யூதர்கள் எதை உண்ணுமுன்பும் இறைவனைத் துதிப்பார்கள். மரத்தின் கனிக்கு ஒரு துதி, நிலத்தின் விளைவுக்கு வேறு துதி. வாழைப்பழத்தைக் கையில் எடுத்த யூதன் எதைச் சொல்வது? குலை தள்ளியபின் தாய்மரம் அழிந்து பக்கக்கன்று வளர்வதால் வாழை மரமன்று, நிலத்தின் விளைவே என்று தீர்ப்பாயிற்று. நாம் ‘வாழை மரம்’ என்று வாய்கூசாமல் சொல்லி வந்தாலும் சாஸ்திரப்படி அவர்கள் தீர்ப்பே சரி. பப்பாளியைப் பற்றியும் வாதம் எழுந்தது. பாக்தாத் நகரில் வாழ்ந்து 1909-ல் காலமான யோசேப் ஹாயிம் என்னும் பெரியார், அதன் தண்டு உள்ளீடற்றது, காய் தண்டிலேயே காய்ப்பது, நட்ட வருஷத்திலேயே பலன் தருவது என்பன போன்ற காரணங்களைக் காட்டி, அதுவும் மரத்தைச் சேர்ந்ததன்று என்றார்.

கி.பி. 70-ல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். காலப்போக்கில் யூதரிற் பெரும்பாலோர் நிலமிழந்து பற்பல தேசங்களில் சிதறினார்கள். பாகம் செலுத்த ஆலயமில்லை. பாகம் எடுக்கத் தோப்புமில்லை. தசமபாகக் கணக்குப் பலஸ்தீன மண்ணுக்கே உரியதாதலால், போலந்திலோ ஜெர்மனியிலோ வாழ்ந்த யூதனுக்கு ஷெவாத் 15-ஆல் யாதொரு காரியமும் இல்லை. வழக்கொழிந்த வரியின் பசலிப் பிறப்பை யாராவது நினைவு வைத்திருப்பார்களா? அவர்கள் வைத்திருந்தார்கள். அதற்கு உதவியது ஆகாரம்.

ஐரோப்பாவில் அந்நாள் கடுங்குளிர் காலம். வெளியே பனி மூடியிருக்கும், ஒரு மரத்திலும் இலையிராது. அத்தகைய நாளில் பலஸ்தீனத்து மரங்களின் கனியை எப்படியாவது வாயில் இட வேண்டுமென்று விரும்பினார்கள். தூரதேசத்திலிருந்து கெடாமல் வரக்கூடியவை உலர்ந்த பழங்களே. ஆகவே உலர்ந்த அத்தி, பேரீச்சை, திராட்சை, வாதுமை ஆகியவை விருந்தாயின. பதினைந்தாந் தேதி என்பதற்காகப் பதினைந்து வகைக் கனிகளைச் சேர்ப்பதும் பல இடங்களில் வழக்கம். இவற்றுள் முக்கியமானது காரோப் என்னும் மரத்தின் நெற்று. பார்வைக்கும் ருசிக்கும் நமது தூங்குமூஞ்சி மரத்து நெற்றை ஒருவாறு ஒத்தது. பழுப்பு நிறம், தோல் போன்ற கடினம், உள்ளே சற்று இனிப்பு. அதன் தேசத்தில் மாட்டுக்கும் போடுவார்கள். வருஷக்கணக்கில் கெடாததால் அதுவே பள்ளிப் பிள்ளைகள் கைக்கு வந்து சேர்ந்தது. பல்லுக்குச் சிரமந்தரும் அந்நெற்றைக் கடித்துக்கொண்டே, தாங்கள் கண்ணாற் காணாத தோப்புகளைப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். காரோப் காய்க்க எழுபது வருஷமாகும் என்று தல்மூத்தில் ஒரு கதை உண்டு. ஒருவன் அதை நடுவதைக் கண்ட ஹோனி என்பவர், அவ்வளவு காலம் உயிரோடிருப்பாயா என்று வினவ, தான் பிறந்தபோது காரோப் மரங்கள் இருந்தனவென்றும், தன் பிள்ளைகளுக்காகத் தான் நடுவதாகவும் அவன் விடை கூறினானாம். உண்மையில் ஒட்டுக்கட்டிய காரோப் அவ்வளவு காலம் காக்க வைப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நலம்.

துருக்கி முதலிய தேசங்களில் வாழ்ந்த ஸ்பானிய வழி யூதர் இத்தினத்தைப் ‘பழங்களின் பண்டிகை’ என்றே அழைத்தார்கள். பழங்களும் பருப்புகளும் நிறைந்த சிறு பைகளைக் குழந்தைகளின் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். கோதுமையைக் குழைய வேகவைத்துச் சர்க்கரையும் அக்ரூட் பருப்பும் சேர்த்த இனிப்பும் அவர்கள் வீடுகளில் உண்டு. கோதுமை மரத்தில் காய்ப்பதன்றே எனலாம். ஆனால் உபாகமத்தில் அத்தேசத்தின் சிறப்பாகக் கூறப்படும் ஏழு விளைவுகள் கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், தேன் என்பவை. தேன் என்பது பேரீச்சம்பழத் தேன் என்று பெரியோர் பொருள் கொண்டனர். இவ்வேழும் அன்றைய விருந்தில் இடம்பெறுவது சிறப்பு. சில வீடுகளில், முந்திய இலையுதிர்காலத்துக் கூடாரப் பண்டிகைக்கு வாங்கிய எத்ரோக் கனியை வீணாக்காமல் சர்க்கரைப்பாகில் இட்டு வைத்திருந்து, அன்று எடுத்துப் பரிமாறுவார்கள். விலையுயர்ந்த கனியாதலால் இச்சிக்கனம் மெச்சத்தக்கது.

இவ்விருந்தை ஒரு முறையாக ஒழுங்கு செய்தவர்கள், பலஸ்தீனத்தின் வடபகுதியிலுள்ள சபேத் நகரில் 16-ம் நூற்றாண்டில் கூடியிருந்த ஞானிகளின் வழிவந்தோர். 18-ம் நூற்றாண்டில் அச்சான ‘பிரி எட்ஸ் ஹதார்’ என்னும் சிறு நூலில் அம்முறை காணப்படுகிறது. நான்கு கிண்ணம் திராட்சரசம் பருக வேண்டும். முதற்கிண்ணம் வெள்ளை, பிறகு சிவப்பு சிறிது சிறிதாகக் கூடி, கடைசிக் கிண்ணம் ஏறக்குறைய முழுச்சிவப்பு. பனிக்காலம் கழிந்து மலர்க்காலம் வருவதை அது காட்டுவதாகப் பலர் கருதுகிறார்கள். இடையிடையே மூவகைக் கனிகளை உண்ண வேண்டும். அத்தி, திராட்சை போல முழுவதும் உண்ணத்தக்கவை ஒரு வகை. ஒலிவம், பேரீச்சை போல உள்ளே கொட்டையுள்ளவை ஒரு வகை. மாதுளை, வாதுமை, அக்ரூட் போல வெளியே ஓடு அல்லது தடித்த தோலுள்ளவை ஒரு வகை.

இந்தியாவிலும் இப்பண்டிகைக்கு ஓர் இடமுண்டு. மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்த பெனெ இஸ்ரவேலர் என்னும் யூதர், நவ்காவ் என்னும் ஊரருகே கப்பலுடைந்து கரையேறியவர்களின் சந்ததியார் என்பது அவர்களுடைய ஐதிகம். எள்ளும் தேங்காயும் ஆட்டி எண்ணெய் எடுப்பது அவர்களிற் பலருக்குப் பரம்பரைத் தொழில். சனிக்கிழமைதோறும் செக்கை நிறுத்திவிடுவதால் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை வாணியர், என்று ஊரார் அவர்களை அழைத்தார்கள்.

மரங்களின் வருஷப் பிறப்பை இவர்கள் எலியா தீர்க்கதரிசியின் நாளாகக் கொண்டாடினார்கள். அலிபாகுக்கு அருகிலுள்ள கண்டாளா என்னும் சிற்றூரில் அத்தீர்க்கதரிசி தோன்றி, அக்கினி ரதத்தில் விண்ணேறினார் என்றும், அதன் அடையாளம் அங்குள்ள பாறையில் இருக்கிறதென்றும் நம்பிக்கை. (புனா மார்க்கத்திலுள்ள மலைவாசஸ்தலமாகிய கண்டாளா வேறு.) அன்று அவர்கள் செய்யும் பிரசாதத்திற்கு மலீதா என்று பெயர். அதைச் செய்யும் விதம் நம் வீடுகளுக்குப் புதிதன்று. அவலைக் களைந்து நீரை வடித்து, ஊறி மென்மையானதும் துருவிய தேங்காயும் சர்க்கரை அல்லது வெல்லமும் ஏலப்பொடியும் சேர்த்துப் பிசைவார்கள். வாதுமை, பிஸ்தா, உலர்ந்த திராட்சை ஆகியவற்றையும் தூவுவார்கள். பெரிய தட்டில் அதைக் குவித்துச் சுற்றிலும் ஐந்து வகைப் பழங்களை வைத்து, எலியாவைத் துதித்துப் பாடியபின், ஒவ்வொரு பழத்திற்கும் உரிய துதியைச் சொல்லி எல்லோருக்கும் வழங்குவார்கள். தட்டில் வாழைப்பழம் இருந்தால் அதற்கு நிலத்தின் துதி, பேரீச்சைக்கும் ஆப்பிளுக்கும் மரத்தின் துதி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. போலந்து யூதன் பலஸ்தீனத்துக் காரோப் நெற்றுக்காகக் காத்திருந்தான். கொங்கணத்து யூதனோ தன் வயலின் நெல்லையும் தன் கரையின் தென்னையையும் கொண்டே பண்டிகையை நடத்தினான். பலஸ்தீனத்து வேதம் அறியாத அவலும் தேங்காயும், வேதம் கூறும் பேரீச்சையோடு ஒரே தட்டில் இருந்தன. 1948-க்குப் பிறகு பெனெ இஸ்ரவேலரிற் பெரும்பாலோர் இஸ்ரவேல் நாட்டிற்குக் குடியேறிவிட்டனர். மலீதாவை அவர்கள் அங்கேயும் விட்டுவிடவில்லை. முன்னாளில் பலஸ்தீனத்துக் கனியைப் பிற தேசத்தில் தேடியது போய், கொங்கணத்து அவலைப் பலஸ்தீனத்தில் தேடும் காலம் வந்தது!

கனி உண்ணும் நாள் மரம் நடும் நாளாகவும் ஆனது பிற்காலத்தில். 1890-ல் ஸிக்ரோன் யாக்கோவ் என்னும் குடியேற்றத்தில் ஆசிரியராயிருந்த ஸேவ் யாவெட்ஸ் என்பவர், தம் மாணவர்களை அழைத்துச் சென்று இத்தினத்தில் மரக்கன்றுகள் நடச் செய்தார். 1908-ல் ஆசிரியர் சங்கத்தார் இவ்வழக்கத்தை எல்லாப் பள்ளிகளுக்கும் ஏற்றார்கள். பின்னர் 1901-ல் தோன்றிய யூத தேசிய நிதி என்னும் ஸ்தாபனம் இதைப் பெரிய அளவில் நடத்தியது. அதன் முயற்சியால் இதுவரை 24 கோடி மரங்களுக்கு மேல் நடப்பட்டதாகக் கணக்கு. இஸ்ரவேலின் முதற் சட்டசபை 1949-ம் வருஷம் பிப்ரவரி 14-ல் கூடியதும் இந்த மரப்பண்டிகை நாளன்றே.

எண்ணிக்கை பெரிதாயினும் நட்டதெல்லாம் நன்மையாக முடிந்ததென்று சொல்லுவதற்கில்லை. விரைவில் வளர்வதாலும் வறட்சியைத் தாங்குவதாலும் ஆரம்பத்தில் அலெப்போ பைன் என்னும் ஒரே ஜாதி மரத்தை மலைமலையாக நட்டார்கள். வருஷத்தில் சுமார் 280 மில்லிமீட்டர் மழையே பெறும் யாத்தீரில் 1964 முதல் அம்மரத்தைக் கொண்டே ஒரு வனம் உண்டாக்கியது பெரிய சாதனைதான். ஆயினும் ஒரே ஜாதியான தோப்புகளில் செதிற்பூச்சி புகுந்தபோது ஏராளமான மரங்கள் பட்டுப்போயின. பிசின் நிறைந்த பைன் தீக்கும் இரையாயிற்று. 2010 டிசம்பரில் கர்மேல் மலையில் பற்றிய காட்டுத்தீயில் 44 பேர் மாண்டனர். அதன்மேல் ஓக், காரோப் முதலிய நாட்டு மரங்களைக் கலந்து நடுவதிலும், தானே முளைப்பதைக் காப்பதிலும் கவனம் அதிகரித்தது. 1948 யுத்தத்தின்போது அராபியக் குடிகள் நீங்கிய கிராமங்களின் நிலங்கள் சிலவற்றிலும் இவ்வனங்கள் எழுந்திருக்கின்றன. அதுபற்றிய மனத்தாங்கல் இன்னும் ஓயவில்லை. மரம் நடுவது நல்ல காரியமே. எந்த மரம், யாருடைய நிலத்தில் என்ற கேள்விகளைப் பண்டிகை உற்சாகம் தீர்த்துவிடாது.

பழைய தசமபாகக் கணக்கும் அடியோடு மறையவில்லை. இஸ்ரவேலில் வைதிக வழக்கத்தைக் கைக்கொள்ளுவோர் தம் தோட்டத்துப் பழத்திலிருந்து இன்றும் பாகம் பிரிக்கிறார்கள். ஆலயமில்லாததால், நூற்றில் ஒன்றுக்குச் சற்று அதிகமான பகுதியைத் தனியே எடுத்து ஒருவரும் உண்ணாதபடி சுற்றிப் புறத்தே போட்டுவிடுகிறார்கள். இரண்டாவது பாகத்தின் புனிதத்தை ஒரு சிறு நாணயத்தின் மீது மாற்றிவிடுகிறார்கள். ஏழைகளின் பாகம் வரும் வருஷங்களில் அதை ஏழைகளுக்கே கொடுக்க வேண்டும். பழம் எந்த வருஷத்தது என்பதைத் தீர்மானிக்க அவர்களுக்கு ஷெவாத் 15 இன்றும் தேவைப்படுகிறது.

ஏழாவது வருஷத்து ஓய்வும் அவ்வாறே. 2021-22-ம் வருஷம் நிலம் ஓய்வெடுக்கும் வருஷமாயிருந்தது. அதனால் 2022 ஜனவரி 17-ல் வந்த மரங்களின் வருஷப் பிறப்பன்று வழக்கமான நடுவிழாவுக்கு இடமில்லை. பழத்தட்டுகள் மட்டும் நிறைந்திருந்தன. அடுத்த ஓய்வு வருஷம் 2028 இலையுதிர்காலத்தில் தொடங்குகிறது. அதற்கு 44 நாட்களுக்கு முன்னதாகக் கன்றுகளை நட்டு முடித்துவிட வேண்டும் என்பது அங்குள்ள தோட்டக்காரர்களின் கணக்கு.